பிரைட்டன் கடற்கரையின் வரிசை வீட்டு ஹோட்டல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனிலிருந்து ரயிலேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பிரைட்டன் வந்துவிடும். கடலைப் பார்த்த தெருக்களிலும் கடலுக்குத் திறந்த சதுக்கங்களிலும் வெள்ளையும் வெண்ணெய் நிறமுமாக நிற்கும் நான்கைந்து மாடிக் கட்டடங்களில் நிறைய சின்ன ஹோட்டல்கள் இருக்கின்றன. ரீஜென்சி சதுக்கம், மரீன் பரேட், நியூ ஸ்டீன் பக்கம் அறை எடுத்துத் தங்கிய நண்பர்களும் உறவினர்களும் திரும்பி வந்ததும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். தாழ்வாரம் ஏன் நடுவில் இரண்டு படி இறங்குகிறது, லிஃப்ட் ஏன் இல்லை, அறையின் கூரை ஏன் ஒரு மூலையில் வெட்டுப்பட்டது மாதிரி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடிப்படைப் பதில் ஒன்றுதான்: நீங்கள் தங்கியது அடுத்தடுத்து நின்ற இரண்டு, மூன்று வீடுகளில். ஹோட்டல் என்பது பிற்பாடு வந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தக் கட்டடங்கள் மிக நன்றாகவே பேசும்.

எது ஹோட்டலாகவே கட்டியது, எது வீடாக இருந்தது? வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். கிராண்ட் ஹோட்டல் 1864இல் திறந்தது, மெட்ரோபோல் 1890இல். இரண்டுமே ஹோட்டலுக்கென்றே வரைந்து கட்டியவை. ஒரு பெரிய வாசல், நடுவில் அகலமான படிக்கட்டு, ஒரே மட்டத்தில் நீளமாக ஓடும் தாழ்வாரம் என்று எல்லாம் ஒரே திட்டத்தில் இருக்கும்.

வீட்டிலிருந்து வந்த ஹோட்டலுக்கு முன்னால் நின்றால் முதலில் வாசல்களை எண்ணுங்கள். ஆறேழு மீட்டருக்கு ஒரு வாசல் இருந்திருக்கும். இன்று ஒன்றுதான் புழக்கத்தில் இருக்கும், மற்றவற்றைப் பாதி மூடி ஜன்னலாக்கியிருப்பார்கள். ஆனால் வாசலுக்கு ஏறும் படியையும் இரும்புக் கிராதியையும் பெரும்பாலும் விட்டுவைத்திருப்பார்கள். அடுத்து அண்ணாந்து கூரையைப் பாருங்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள பொதுச்சுவர் கூரைக்கு மேலும் எழும்பி, அதன்மீது புகைபோக்கிகள் வரிசையாக நிற்கும். எத்தனை வீடுகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதை அங்கே எண்ணிவிடலாம். பெயர்ப்பலகை மாறும், பெயின்ட் மாறும். புகைபோக்கி வரிசையை யாரும் சுலபத்தில் மாற்றுவதில்லை.

மீன்பிடி ஊரில் இவ்வளவு பெரிய வீடுகள் எப்படி வந்தன?

கடல்நீர் வைத்தியத்தால். பக்கத்து ஊரான லூயிஸைச் சேர்ந்த ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர், கடலில் குளிப்பதும் கடல்நீரைக் குடிப்பதும் நோய் தீர்க்கும் என்று 18ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதினார். 1753இல் பிரைட்டனிலேயே வீடு கட்டிக் குடியேறினார். பணக்காரர்கள் பின்னால் வந்தார்கள். 1783இல் வேல்ஸ் இளவரசர் முதன்முதலாக வந்தார்; அவர்தான் பின்னாளில் நான்காம் ஜார்ஜ். அவருக்காக ஜான் நாஷ் 1815 முதல் 1822 வரை மாற்றிக் கட்டியதுதான் வெங்காயக் குவிமாடங்களோடு நிற்கும் ராயல் பெவிலியன். இளவரசர் வரும் ஊரில் ஒரு பருவத்துக்காவது வீடு வேண்டும் என்று பிரபுக்களும் வியாபாரிகளும் விரும்பினார்கள். அதை நம்பி முதலீடு போட்டவர்கள் கட்டியவைதான் இந்த வரிசைகள்.

ரீஜென்சி சதுக்கம் 1818இல் தொடங்கியது. கிழக்கே தாமஸ் ரீட் கெம்ப் 1823இல் கெம்ப் டவுனைத் தொடங்கினார். மேற்கே, இன்றைய ஹோவ் பகுதியில், 1824இல் பிரன்ஸ்விக் டவுன் வேலை ஆரம்பித்தது. இவற்றில் திரும்பத் திரும்ப வரும் கட்டடக் கலைஞர்களின் பெயர்கள் மூன்று: ஏமன் வைல்ட்ஸ், அவர் மகன் ஏமன் ஹென்றி வைல்ட்ஸ், சார்ல்ஸ் பஸ்பி.

லாபம் எல்லோருக்கும் வரவில்லை. பஸ்பி திவாலாகி 1834இல் இறந்தார். கெம்ப் 1837இல் கடன்காரர்களுக்குத் தப்பி பிரான்ஸுக்குப் போனார். கடலோரத்தில் இவ்வளவு அழகாக நிற்கும் முகப்புகளைக் கட்டியவர்களே அதனால் நொடித்துப்போனார்கள் என்பதை நினைக்காமல் என்னால் அந்தப் பக்கம் நடக்க முடிவதில்லை.

முகப்பு ஒரே மாதிரி இருக்கிறது, உள்ளே அறைகள் வேறுவேறாக இருக்கின்றனவே?

கெம்ப் டவுன் மாதிரியான இடங்களில் முகப்பும் வெளிச்சுவர்க் கூடும் மட்டுமே ஒரு திட்டப்படி எழும்பின. உள்ளே எப்படி வேண்டும் என்பது வாங்கியவர் விருப்பம். அவரவர் வசதிக்கேற்ப, அவரவர் ஆள் வைத்து முடித்துக்கொண்டார்கள். அதனால் வெளியே ஒரே அரண்மனை மாதிரி தெரியும் வரிசையில், உள்ளே படிக்கட்டு ஒரு வீட்டில் பக்கவாட்டில், இன்னொன்றில் பின்னால். தரைமட்டமும் சில அங்குலம் முன்னே பின்னே இருக்கும். நூறு ஆண்டுகள் கழித்து ஒருவர் இரண்டு வீட்டையும் வாங்கி நடுச்சுவரை உடைத்தபோது அந்தச் சில அங்குலம்தான் தாழ்வாரத்தின் நடுவில் இரண்டு படியாக வந்து நின்றது.

ஒரு வீடு முழுதாக இருந்தபோது எப்படிப் பயன்பட்டது?

இதைத் தெரிந்துகொண்டால் ஹோட்டல் அறையை அடையாளம் காண்பது சுலபம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். வாசலுக்குப் போகும் படி அதன்மேல் பாலம் போலக் கடக்கும். பள்ளத்தின் வெளிச்சத்தை நம்பித்தான் அடித்தளத்தில் சமையலறையும் பாத்திரம் கழுவும் இடமும் இருந்தன. நடைபாதைக்கு அடியில் கரி அறை. கரி கொட்டுவதற்கான வட்ட இரும்பு மூடிகளை இன்றும் நடைபாதைகளில் பார்க்கலாம். கரி வண்டிக்காரர் வீட்டுக்குள் கால் வைக்காமலே கொட்டிவிட்டுப் போகலாம்.

தரைத்தளத்தில் சாப்பாட்டு அறை. முதல் மாடிதான் வீட்டின் முக்கியமான தளம்: விருந்தினரை உட்கார வைக்கும் கூடம். கூரை அங்கேதான் மிக உயரம், ஜன்னல் ஏறக்குறையத் தரை வரை இறங்கும், பால்கனியும் அங்கேதான். முன் அறைக்கும் பின் அறைக்கும் நடுவில் மடக்குக் கதவு வைத்து, விருந்து நாளில் திறந்து ஒரே கூடமாக்கிக்கொள்வார்கள். இரண்டாம் மாடியில் குடும்பத்தினரின் படுக்கையறைகள், கூரை சற்றுத் தாழும். அதற்கு மேல் பிள்ளைகள். உச்சியில், சாய்ந்த கூரைக்கு அடியில், வேலைக்காரர்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குதிரை லாயம்.

மேலே போகப்போக ஜன்னல் சிறுக்கும், கூரை தாழும், கூரையோரச் சுண்ணாம்பு வேலைப்பாடு எளிமையாகும், கடைசியில் வேலைப்பாடே இருக்காது. யாருக்கு என்ன மதிப்பு என்பதைக் கட்டடம் அங்குலக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. கையால் தொட்டுப் பார்க்க விரும்பினால் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே உச்சி வரை ஏறுங்கள். கீழ்த்தளங்களில் வழவழவென்று வளைந்து வரும் மஹோகனி, மேலே போனதும் மட்டமான மரமாக மாறிவிடும் வீடுகள் உண்டு. விருந்தினர் ஏறும் உயரம் வரைக்கும்தான் நல்ல மரம்.

அப்படியானால் எந்த அறையைக் கேட்டு வாங்குவது?

முதல் மாடி, முன்பக்கம். விலை அதிகமாக இருக்கும், ஆனால் அந்தக் கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த அறை அதுதான். அது கிடைக்கவில்லை என்றால் உச்சித் தளத்தைக் கேளுங்கள். அறை சின்னது, தலை இடிக்கும். கடல் மட்டும் மேலிருந்து முழுதாகத் தெரியும்.

ஜன்னல் ஏன் வளைந்து வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது?

கடலுக்காக. வரிசை வீட்டுக்கு முன்னும் பின்னும்தான் வெளிச்சம், பக்கவாட்டில் அண்டை வீடு. முகப்பை வில்லாக வளைத்தால் கிழக்கும் மேற்கும் கடற்கரை தெரியும், குளிர்காலத்துத் தாழ்ந்த வெயிலும் உள்ளே கூடுதல் நேரம் விழும். சதுக்கத்தின் பக்கவாட்டு வரிசைகளில் இது இன்னும் பயன். வீடு கடலுக்கு நேராக இல்லாவிட்டாலும் வளைவின் ஒரு பக்கத்திலிருந்து கடல் தெரிந்துவிடும். வாடகைக்குப் பிடிக்க வருபவருக்குக் காட்ட வேண்டியதும் அதைத்தானே!

அருகில் போய்ப் பார்த்தால் தச்சு வேலையின் அருமை புரியும். மேலும் கீழும் நகரும் ஜன்னல் சட்டம், சுவரோடு சேர்ந்து தானும் வளைந்திருக்கும். வளைந்த சட்டம் நேராக மேலே ஏறி இறங்க வேண்டும், எங்கும் சிக்கக் கூடாது. பழைய கண்ணாடி இன்னும் இருந்தால் தலையை மெல்ல அசைத்துப் பாருங்கள், எதிரே கடற்கரைக் கம்பி அலைபோல நெளியும். ஊதிச் செய்த கண்ணாடிக்கு அந்த நெளிவு இயல்பு. அதை எடுத்துவிட்டுப் புதிய கண்ணாடி போட்ட ஜன்னல் எனக்கு எப்போதும் உயிரில்லாததாகவே தெரிகிறது.

சில ஜன்னல்கள் வெறும் சுவராக இருக்கின்றன. ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தார்களா?

இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னல் வரி இருந்தது உண்மை. ஆனால் இந்த மாதிரி முகப்புகளில் தெரியும் போலி ஜன்னல்களில் பல, வரிசை ஒழுங்கு கெடாமல் இருக்க முதலிலேயே அப்படிக் கட்டியவை. பின்னால் புகைபோக்கியோ பொதுச்சுவரோ இருக்கும்.

பார்க்கக் கல் கட்டடம் மாதிரி இருக்கிறது. உண்மையில் என்ன?

கல் இல்லை. மேலே பூச்சு, கல் அடுக்கிய மாதிரி கோடு கீறியிருப்பார்கள். ஸ்டக்கோ என்று இதற்குப் பெயர். உள்ளே இருப்பது பல வீடுகளில் பங்கரூஷ் என்ற பிரைட்டன் சரக்கு. பலகை அடைத்து, அதற்குள் சுண்ணாம்புச் சாந்து, கடற்கரைக் கூழாங்கல், சிக்கிமுக்கிக்கல், உடைந்த செங்கல், கையில் கிடைத்த மரத்துண்டு எல்லாவற்றையும் கொட்டி இறுகவிட்டு எழுப்பிய சுவர். வெட்டிப் பார்த்தால் கடலை மிட்டாய் மாதிரி இருக்கும். மலிவு, வேகம், ஊரிலேயே கிடைக்கும் பொருள். முதலீட்டாளர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் இந்தச் சுவருக்குத் தனிக் குணம் உண்டு. நீர் இறங்கினால் சுண்ணாம்பு கரையும். ரொம்ப உலர்ந்தால் பொடியும். ரப்பர் குழாயில் தண்ணீர் அடித்தே பிரைட்டனில் பாதியை இடித்துவிடலாம் என்று உள்ளூரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். மேலே பூச்சும் பெயின்ட்டும் நன்றாக இருக்கும்வரை சுவர் நிற்கும். அதனால் இந்தக் கடற்கரையில் பெயின்ட் அடிப்பது அழகு வேலை என்பதைவிடக் கட்டடத்தைக் காப்பாற்றும் வேலை.

இன்னொரு உள்ளூர்ச் சரக்கும் உண்டு: செங்கல் போலவே தெரியும் ஓடு. மரச்சட்டத்தில் ஓட்டை ஆணியடித்து, இடுக்கில் சாந்து பூசிவிட்டால் செங்கல் சுவர் என்றே நினைப்போம். மரீன் பரேடில், 1798 முதல் 1807 வரை கட்டிய ராயல் கிரெசென்ட் வீடுகளில் கறுப்பு மெருகேற்றிய இந்த ஓடுகளைப் பார்க்கலாம். வெயில் படும்போது முகப்பு முழுக்க மின்னும். கடற்காற்றோடு வரும் மழையை மெருகு தடுத்துவிடும் என்பதால் கடற்கரைக்கு இது பொருத்தமான தேர்வு.

சுவரில் ஈரம், பெயின்ட் உரிகிறது. பராமரிப்பு போதவில்லையா?

சில இடங்களில் அதுதான் காரணம். ஆனால் அக்கறையோடு செய்த தவறான பழுதுபார்ப்பும் இதே நிலைக்குக் கொண்டுவிடும். 20ஆம் நூற்றாண்டில் விரிசல் விட்ட சுண்ணாம்புப் பூச்சை எடுத்துவிட்டு நிறையப் பேர் சிமென்ட் பூசினார்கள். சிமென்ட் கெட்டியானது, அசையாது. பழைய சுவர் வெயிலுக்கும் குளிருக்கும் சற்றே அசையும். மயிரிழை விரிசல் விழும், அதன் வழியாக மழைநீர் போகும், போன நீர் சிமென்ட்டைத் தாண்டி வெளியே வர முடியாமல் அறைப்பக்கம் கசியும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் உள்ளே போன ஈரம் அதன் வழியாகவே மெல்ல உலர்ந்துவிடும். நம் ஊர்ப் பழைய சுண்ணாம்பு வீடுகளுக்கு சிமென்ட் பூசிவிட்டு, சுவர் ஓதம் அடிக்கிறது என்று அலைவதும் இதே கதைதான். பழைய கட்டடத்துக்குச் சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். பிரைட்டனிலும் சரி, நம் ஊரிலும் சரி.

தூணின் தலையில் நத்தை மாதிரி சுருள் இருக்கிறதே?

அது அம்மோனைட், அழிந்துபோன கடலுயிரியின் புதைபடிவ வடிவம். கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட் படிவம்தான், அதனால் நம்மில் பலருக்குப் பார்த்ததுமே தெரிந்த வடிவமாகப் படும். ஏமன் ஹென்றி வைல்ட்ஸ் இதைத் தூண் தலைப்பாகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். ஏமன் என்ற தன் பெயரோடு ஒலி ஒத்துப்போனதும் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். கடலோரத்தில் ஓரியன்டல் பிளேஸ், சற்று உள்ளே மான்ட்பெலியர் கிரெசென்ட், இரண்டு இடத்திலும் அண்ணாந்து பாருங்கள்.

எல்லாம் ஏன் ஒரே நிறம்?

பிரன்ஸ்விக் சதுக்கத்திலும், பிரன்ஸ்விக் டெரஸ் என்ற கடலோர வீட்டு வரிசையிலும் அது விதி. ஒரே வெண்ணெய் நிறத்தில், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அடிக்க வேண்டும். மற்ற இடங்களில் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. அங்கே முகப்பு துண்டுதுண்டாகத் தெரிவதையும் கவனிக்கலாம். என்னைக் கேட்டால் இந்த விதி நல்லது. முப்பது நாற்பது வீடுகளை ஒரே முகமாக வரைந்தவருக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அது.

வீடு எப்போது ஹோட்டலானது?

ஒரே நாளில் ஆகவில்லை. லண்டன் ரயில் 1841இல் வந்தது. ஒரு பருவம் முழுக்கத் தங்கிய பணக்காரர்களின் ஊருக்கு, காலையில் வந்து மாலையில் திரும்பும் கூட்டமும், ஒரு வாரம் மட்டும் தங்குபவர்களும் வந்தார்கள். முழு வீட்டை வாடகைக்குவிட்டவர்கள் தளம் தளமாக, அப்புறம் அறை அறையாக விட ஆரம்பித்தார்கள். முதல் உலகப்போருக்குப் பிறகு வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பது குறைந்தது. கரியைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏற ஆளில்லாமல் இப்படிப்பட்ட வீட்டில் ஒரு குடும்பம் வாழவே முடியாது. சில வீடுகள் அடுக்குக் குடியிருப்பாயின, சில ஹோட்டலாயின.

இடித்துவிடலாம் என்ற பேச்சும் வந்தது. ஹோவ் கடலோரத்தில் பிரன்ஸ்விக் டெரஸ் உட்பட இடித்துப் புதிதாகக் கட்டும் யோசனைக்கு எதிராகத்தான் 1945 டிசம்பரில் ரீஜென்சி சொசைட்டி உருவானது. அந்த டெரஸ் இன்று சட்டப் பாதுகாப்பில் முதல் தரத்தில் இருக்கிறது. நடுவில் வந்த பல பத்தாண்டுகளில் இந்த வீடுகள் பலவற்றுக்கு ஒரு வேலை கொடுத்து, கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்டவை சின்னச் சின்ன ஹோட்டல்கள். அந்த நன்றி எனக்கு உண்டு.

சுவரை உடைத்து வீடுகளைச் சேர்ப்பது சிரமமா?

பங்கரூஷ் சுவரில் மிகவும் சிரமம். செங்கல் சுவரில் ஓட்டை போட்டால் மேலே உள்ள செங்கற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு ஓரளவு நிற்கும். இது அப்படி நிற்காது. ஒரு கல்லை உருவினால் சுற்றியுள்ளதெல்லாம் கொட்ட ஆரம்பிக்கும். முதலில் முட்டுக்கொடுத்து, சுமையைத் தாங்கி, உத்தரம் வைத்துவிட்டுத்தான் வழி திறக்க வேண்டும். அதனால் வழிகள் குறைவாகவும் குறுகலாகவும் இருக்கும். தாழ்வாரத்தில் போகும்போது சுவர் திடீரென்று அரை மீட்டர் அளவு தடிமனாகத் தெரியும் இடம் வந்தால், நீங்கள் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகிறீர்கள் என்று பொருள்.

அறைக்குள் நடந்த மாற்றத்தைப் படிக்கக் கூரையோரத்தைப் பாருங்கள். மூன்று பக்கம் சுண்ணாம்பு வேலைப்பாடு ஓடி, நான்காவது பக்கம் வெறும் சுவரில் மோதி நின்றால், அந்தச் சுவர் பின்னால் வந்தது. பெரும்பாலும் அதற்கு அந்தப் பக்கம் குளியலறை இருக்கும். கூரை நடுவில் விளக்கு தொங்கும் பூவேலைப்பாடு ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தால் பெரிய கூடத்தைக் கூறுபோட்டிருக்கிறார்கள். குளியலறையைத் தனிப் பெட்டியாக, கூரை வரை எழுப்பாமல் அறைக்குள்ளேயே வைக்கும் வழியும் இருக்கிறது. பழைய கூடம் முழுதாகத் தெரியும், என்றாவது ஒருநாள் எடுத்துவிடவும் முடியும். அப்படிச் செய்கிற உரிமையாளரை நான் மனதாரப் பாராட்டுவேன்.

லிஃப்ட் வைக்கக் கூடாதா? ஜன்னலையாவது இரட்டைக் கண்ணாடியாக்கக் கூடாதா?

லிஃப்ட்டுக்கு நேர்குத்தான பாதை வேண்டும். இருப்பதோ படிக்கட்டின் நடு இடைவெளி. அதில் வைத்தால் கூரையில் பதித்த கண்ணாடி வழியாக ஐந்து மாடி இறங்கும் வெளிச்சம் போய்விடும். பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடத்தில் அதற்கு அனுமதி கிடைப்பது கடினம். முதியவர்களோடு போகிறீர்கள் என்றால் அறை எந்த மாடி என்று முன்பதிவின்போதே கேளுங்கள்; தரைத்தளத்திலும் வாசல் படிகள் இருக்கலாம். ஜன்னலுக்கு, பழைய சட்டத்தைத் தொடாமல் உட்பக்கம் இன்னொரு கண்ணாடி பொருத்தலாம். சத்தமும் குளிரும் நன்றாகவே குறையும்.

தீ விபத்து நடந்தால்?

இது நியாயமான கவலை. வரிசை வீட்டில் பொதுச்சுவர்தான் தீத்தடுப்பு. கூரைக்கு மேலும் அதை எழுப்புவது அதனால்தான். வழி திறந்த ஒவ்வொரு இடத்திலும் அந்தத் தடுப்பில் ஓட்டை விழுகிறது. மரப்பட்டியில் சுண்ணாம்பு பூசிய உட்சுவர்களுக்குப் பின்னாலும் தளங்களுக்கு நடுவிலும் உள்ள வெற்றிடங்களில் தீ கண்ணுக்குத் தெரியாமல் ஓடும். பக்கத்து ஈஸ்ட்போர்னில், வீட்டு வரிசையிலிருந்து வந்த கிளேர்மான்ட் ஹோட்டல் 2019 நவம்பரில் எரிந்து அழிந்தது. பிரைட்டனில் 1826இல் திறந்த ராயல் ஆல்பியன் ஹோட்டலில் 2023 ஜூலையில் தீப்பிடித்து, மேற்குப் பகுதியை இடிக்க வேண்டியதாயிற்று. மருத்துவர் ரஸ்ஸலின் வீடு இருந்த இடம் அது.

சட்டம் கடுமையானது 1971இல். அதற்கு முன் 1969 டிசம்பரில் சாஃப்ரன் வால்டனில் ஒரு பழைய ஹோட்டலில் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். தாழ்வாரம் நடுவில் கனத்த கதவு வந்து தானாகச் சாத்திக்கொள்வது இப்படிப்பட்ட விதிகளால்தான். பெட்டியை இழுத்துப்போக இடைஞ்சலாக இருக்கிறது என்று அந்தக் கதவை எதையாவது வைத்து நிறுத்திவிடாதீர்கள். உடைத்த பொதுச்சுவருக்குப் பதில் நிற்பது அதுதான்.

தங்காமல் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

தாராளமாக. ரயில் நிலையத்திலிருந்து நேராகக் கீழே இறங்கிக் கடலுக்கு வந்து மேற்கே திரும்புங்கள். முதலில் கிராண்ட், மெட்ரோபோல் இரண்டையும் பார்த்துவிடுங்கள், ஹோட்டலாகவே கட்டியது எப்படி இருக்கும் என்பது கண்ணில் பதியட்டும். அடுத்து ரீஜென்சி சதுக்கம். எதிரே கடலில் 1866இல் திறந்த மேற்குத் துறைப்பாலத்தின் இரும்புக்கூடு நிற்கும். சதுக்கத்தைச் சுற்றிவந்து வாசல்களையும் புகைபோக்கிகளையும் எண்ணுங்கள். அப்படியே ஓரியன்டல் பிளேஸ் தாண்டி பிரன்ஸ்விக் சதுக்கம் வரை நடக்கலாம். அங்கே 13ஆம் எண் வீட்டை ரீஜென்சி டவுன் ஹவுஸ் என்ற பெயரில் பழைய முறைப்படி சீரமைத்து வருகிறார்கள். எல்லா நாளும் திறந்திருக்காது. நாளை உறுதிசெய்துகொண்டு போவது நல்லது. கூறுபோடாத முதல் மாடிக் கூடத்தை அங்கே பார்த்த பிறகு, ஹோட்டலில் உங்கள் அறை அதில் எந்தப் பகுதி என்பது தானாகவே தெரிந்துவிடும்.